இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு

நம்புவதும் சிரிப்பதும் உங்கள் இஷ்டம். 1926 செப்டம்பரில், ஹாலிவுட்டில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது. நாடு முழுக்க மதுவிலக்கு. நானும் குடிப்பவள் இல்லை.

ஒரு படக் கம்பெனியில் ஃபிலிம் வெட்டி ஒட்டும் வேலை எனக்கு. அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரு காதல் நகைச்சுவைப் படம். சலவைக்காரப் பெண்ணை மில் முதலாளியின் மகன் கட்டிக்கொள்கிறான். நாயகி மிஸ் வாண்டர்லின் பிறந்ததிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதே இல்லை. அதனால் துணி தேய்க்கும் காட்சிகளில் தெரிவதெல்லாம் ஹில்டாவின் கைகள். நகரின் மறுகோடியில் நிஜமாகவே சலவை வேலை பார்த்தவள் அவள். இடது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டியின் முனை பட்ட முக்கோணத் தழும்பு. பவுடர் பூசி மறைப்பார்கள்.

புதன்கிழமை காலை 8.20. ஹில்டா என் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நேத்து எடுத்த கல்யாண சீன்ல, கூட்டத்தோட சர்ச் படிக்கட்டுல நின்னு அரிசி தூவினேனே, பாத்தியா மேபல்?"

"காலையிலதான் போட்டுப் பாத்தேன். அழகா இருக்கடி."

"கையத்தான் ஊரே பாக்கப்போகுது. முகம் ஒரு தடவையாவது வரட்டும். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"வெட்ட மாட்டேன், போ."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போன பிறகு பார்த்தேன். வாசலில் ஈரமே இல்லை.

வியாழன் பிற்பகல் மேலாளர் ஃபெல்ப்ஸ் வந்து படிக்கட்டுக் காட்சியைப் போட்டுப் பார்த்தார்.

"யார் இந்தப் பொண்ணு? இவ முன்னாடி வாண்டர்லின் வேலைக்காரி மாதிரி தெரியுறாங்க. வெட்டு."

"அவங்க சலவைக்காரிதானே, சார்?"

"கதையிலதான். வெட்டுன்னா வெட்டு."

எனக்கு என் வேலை முக்கியமாகப் போயிற்று. சரியாக 3.10க்கு வெட்டினேன். துண்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. உறையில் போட்டு ஒட்டினேன்.

3.25. கையால் சுற்றிப் பார்க்கும் இயந்திரத்தில் படத்தை ஓட்டினேன். மாப்பிள்ளை மோதிரம் போடும் காட்சி. மணப்பெண்ணின் இடது கை...

மணிக்கட்டில் முக்கோணத் தழும்பு.

அது வாண்டர்லின் கை. நூறு தடவை பார்த்த காட்சி. பின்னோக்கிச் சுற்றி மறுபடி ஓட்டினேன்.

தழும்பு இருந்தது. முக்காடு போட்ட தலையும் என் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

கருகல் வாடை வந்தது. ஃபிலிம் இருக்கும் அறையில் தீ வாடை வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆனால் இது ஃபிலிம் வாடை இல்லை. கஞ்சி போட்ட துணி கருகும் வாடை.

தொப்.

பின்னால் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்த சத்தம்.

கைப்பிடியை விட்டேன். படம் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை...

முக்காடு திரும்பிக்கொண்டே வந்தது.

தொப்.

கண்ணை மூடினேன்.

காதருகே சூடான ஆவி.

"சத்தியமா...?"

கண் திறந்தபோது மணி 3.31. படம் நின்றிருந்தது. வாண்டர்லினின் வழுவழுப்பான கை. தழும்பே இல்லை.

நவம்பரில் படம் வெளியாகி சக்கைப்போடு போட்டது. மறுவாரம் ஸ்டூடியோ வாசலில் ஓர் அம்மாள் என்னை வழிமறித்தாள். ஹில்டாவின் அதே கண்கள்.

"நீதானே மேபல்? மூணு தடவை படம் பாத்துட்டேன்மா. முகம் வரும்னு என் பொண்ணு சொல்லியிருந்தாளே, எங்க வருது?"

"ஹில்டா உங்ககூட வரலையா?"

"அவ எங்க வருவா? சலவைக்கூடத்துல கொதிகலன் வெடிச்சு செத்துப்போய் ரெண்டு மாசமாச்சே. பேப்பர்ல ரெண்டு வரி கூடப் போடல. செப்டம்பர் பதினொண்ணு, சனிக்கிழமை."

அவள் அரிசி தூவியது பதினான்காம் தேதி, செவ்வாய்.

உள்ளே ஓடி உறையை எடுத்து வந்தேன். அந்தத் தாய்க்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. அவளே பிரித்து, துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல யாருமே இல்லையேம்மா."

வாங்கிப் பார்த்தேன். காலிப் படிக்கட்டு. ஆள் உயரத்தில், எந்தக் கையும் இல்லாத இடத்திலிருந்து, அரிசி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.