பின்கதவுப் பலகை

தையல் கம்பெனியின் இரண்டாம் மாடியில் துணிப்பெட்டிகளைக் கட்டி அடுக்குவது அவர் வேலை. பெண்கள் அவரைப் பெட்டியண்ணன் என்றே கூப்பிட்டார்கள். முன்படியோரம் காலர் தைத்த அவருடைய சொந்தத் தங்கையும் கேலிக்கு அப்படியே கூப்பிடுவாள். புருஷனை இழந்து நின்ற அவளை அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான்.

பின்கதவில் ஆங்கிலத்தில் எழுதிய சிவப்புப் பலகை ஒன்று உண்டு. அதிலிருந்த நீளமான சொல் என்னவென்று கணக்கரிடம் ஒருநாள் கேட்டார்.

"ஆப்ஸ்ட்ரக்‌ஷன்ணே. வழிய மறிக்கிறது எல்லாம் அதான். ரோட்டுல மரம் விழுந்தாலும் சொல்லலாம், தொண்டையில முள்ளு சிக்கினாலும் சொல்லலாம். போலீஸ வேலை செய்யவிடாம குறுக்க நின்னா, அந்தக் கேசுக்கும் அதே பேருதான். இங்க அது கூடாதுன்னு போட்டிருக்கு."

"அப்ப என் பெட்டி?"

"வைக்கிறதையும் வச்சிட்டு என்னைக் கேக்குறீங்க பாருங்க" என்று கணக்கர் சிரித்தார்.

வேறு இடமில்லாததால் பெட்டிகள் அந்தக் கதவை ஒட்டியே ஏறின. சோதனை அதிகாரி வரும் நாளில் மட்டும் சூப்பர்வைசர் கண்ணைக் காட்டுவார். பெட்டியண்ணன் எல்லாவற்றையும் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போவார். அதைக் கண்டதுமே பெண்கள் பேச்சை நிறுத்தி, தலையைக் குனிந்து, மும்முரமாகத் தைப்பார்கள். அதிகாரி படியிறங்கியதும் பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்துவிடும். இது எல்லோருக்கும் பழகிப்போன நாடகம்.

அன்று மதியம் கீழே கிடங்கில் தீப்பிடித்தது. சூப்பர்வைசர் அரக்கப்பரக்க ஓடிவந்து பெட்டியண்ணன் காதோடு சொன்னார்: முன்படியில் புகை ஏறுகிறது, கத்தினால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மிதிபடுவார்கள், முதலில் பின்கதவைத் திற, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அது சரியென்றே அவருக்கும் பட்டது. வாயைத் திறக்காமல் பெட்டிகளைத் தள்ளினார். மெஷின்களின் வேகம் கூடியது. அத்தனை தலைகளும் குனிந்திருந்தன. தங்கையைக் கடக்கும்போது அவள் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

"என்ன பெட்டியண்ணே, வர்றது பெரிய ஆபீசரா? இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ தை."

கதவு பாதி திறப்பதற்குள் புகை உள்ளே புகுந்து விளக்குகளை விழுங்கிவிட்டது. அப்போதுதான் கத்தினார். பின்வரிசைக்காரர்கள் தப்பித்தார்கள். முன்பக்கம் அவர் கொண்டுபோய் வைத்த பெட்டிகள் நடைவழியில் சரிந்து கிடந்தன. தங்கையின் உடலை அவற்றுக்கு அந்தப் பக்கம் கண்டெடுத்தார்கள்.

படிக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லும்படி கம்பெனி வக்கீல் விசாரணைக்கு முன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். விசாரணை அதிகாரி பலகையின் படத்தைக் காட்டி, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்யா" என்றார் பெட்டியண்ணன். மரத்தைச் சொன்னார். தொண்டை முள்ளைச் சொன்னார். அதிகாரி காத்திருந்தார்.

"நீ தைன்னு சொல்லிட்டேன்யா."

வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தவர், இதையும் சேர்ப்பதா என்று கேட்பதுபோல அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.