பவர் பத்தல

கோடை உச்சத்தில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஆம்பூரில், மின்சாரம் நன்றாக இருந்தும் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. எங்கள் ஊர் வெயிலைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் ஏதோ வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். வேண்டுதல் மாதிரிதான். சாமிக்குப் பதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அக்கா காலணி வடிவமைப்பில் டிப்ளமோ முடித்திருந்தாள். ஒரு ஷூ கம்பெனி, பெண்களுக்கான ஷூ ஒன்றைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தது. பிடித்துவிட்டால் டிசைன் பிரிவில் வேலை. பிடிக்காவிட்டால் அதே கம்பெனியில் அம்மா தைக்கும் வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்து மிஷின். அந்த வேலையை அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் பக்கத்து மிஷின் என்ற பேச்சு வந்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

எங்களுடையது கைமாறி வந்த கம்ப்யூட்டர். டிசைன் மென்பொருளைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதைக் கேள்விப்பட்டு, பெங்களூரில் இருந்த மாமா ஒரு புது கிராபிக்ஸ் கார்டை வாங்கி அனுப்பினார். அக்கா தானே பெட்டியைத் திறந்து மாட்டினாள். திரையில் சிவப்பு ஷூ ஒன்று கையில் எடுத்துவிடலாம் போல வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் பார்த்துப் பூரித்தோம். குதிகால் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அக்கா மவுஸால் அதைத் திருப்பினாள். படக்கென்று ஒரு சத்தம். திரை கறுப்பாகிவிட்டது.

மறுபடி போட்டால் வரும். திருப்பினால் போய்விடும். அக்கா என் ரப்பரைப் பிடுங்கிக் கார்டின் தங்க நிற ஓரத்தைத் தேய்த்து மாட்டிப் பார்த்தாள். மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினாள். சூடாகிறதோ என்று பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தாள். ஷூ தன் முதுகைக் காட்ட மறுத்துவிட்டது. கடைசியில், அந்தக் கம்ப்யூட்டரை எங்களுக்கு விற்ற பஜார் கடை பாய்க்குப் போன் போட்டாள்.

"பவர் பத்தலம்மா. அந்தக் கார்டு ஜாஸ்தி இழுக்கும். அதான் கட் ஆவுது. நான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிட்டேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் புரிந்துகொண்டதுதான் முழுக்கத் தப்பு. எங்கள் தெருவில் 'பவர் பத்தல' என்றால் ஒரே அர்த்தம்தான். குழல்விளக்கு மினுக்மினுக் என்று அடிக்கும், மிக்ஸி முனகும். அதனால் அப்பா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஊட்டுல இழுக்கறது எல்லாத்தையும் நிறுத்து. அதுக்கு மட்டும் போவட்டும்."

ஊரில் பல கம்பெனிகளைப் போல அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வெள்ளிதான் விடுமுறை. ஆக, வீட்டில் எல்லோரும் இருந்தோம். மின்விசிறிகள் நின்றன. ஃபிரிட்ஜ் நின்றது. உள்ளே இருந்த இட்லி மாவு பொங்கி வழிந்ததை அம்மா கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்து வீட்டில் போய், "எங்க பொண்ணு ஷூவைத் திருப்பப் போவுது, கொஞ்ச நேரம் கிரைண்டர் போடாதீங்க" என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர்கள் என்ன நினைத்தார்களோ, போடவில்லை. அப்பா யாரிடமோ ஒரு ஸ்டெபிலைசரை இரவல் வாங்கிவந்து நடு வீட்டில் வைத்தார். அக்கா மவுஸைப் பிடித்ததும் எல்லோரும் மூச்சைக்கூடக் கம்மியாக விட்டோம். படக்.

மறுநாள் சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போனார். சாயங்காலம் ஒரு ஆட்டோவோடு வந்தார். "எங்க ஷாப்புல த்ரீ பேஸு. அவ்ளோ பெரிய டிரம்மையே சுத்துது, இது எம்மாத்திரம்? சூப்பர்வைசரைக் கேட்டுட்டேன், ஆபிஸ் ரூம்ல வெச்சிக்கலாம்னு சொல்லிட்டாரு" என்றார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப் என்பார்கள். தனக்காக ஒரு நாள் விடுப்புக்குக்கூட வாய் திறக்காத மனிதர், அக்காவின் ஷூவுக்காகப் போய்க் கேட்டிருந்தார்.

அப்பாவின் ஷாப்புக்கு நாங்கள் போனது அன்றுதான் முதல் தடவை. எவ்வளவு கேட்டாலும், "அங்க இன்னா இருக்குது பாக்க" என்று தட்டிவிடுவார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "பாத்து வாங்க, வழுக்கும்" என்று முன்னால் நடந்தார். எனக்கு ஒரே குஷி. தோல்களைப் போட்டு ஊறவைக்கும் டிரம்கள், வீட்டு உயரத்துக்கு மரப் பீப்பாய்கள், சுற்றிக்கொண்டிருந்தன. மூக்கைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தேன்.

ஆபிஸ் அறையில் எல்லாவற்றையும் மாட்டினோம். அப்பாவோடு வேலை செய்பவர்கள் சிலர் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார்கள். திரையில் ஷூ வந்தது. "நம்ம தோலாம்மா அது?" என்று ஒருவர் கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே திருப்பினாள். படக். வெளியே டிரம்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இங்கியே பத்தலன்னா வேற எங்கதான் பத்தும்?" என்று அப்பா பாவமாகக் கேட்டார்.

அக்கா வெளியே சுற்றும் டிரம்களைப் பார்த்தாள், பிறகு கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தாள். "அப்பா, கரண்ட் ஊட்டுல பத்தாம இல்ல. இந்தப் பெட்டிக்குள்ளதான் பத்தல" என்றாள். உடனே பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு வாசலில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது. "உள்ள இருக்கற எஸ்எம்பிஎஸ்ஸ சொன்னேம்மா. சுவத்துலேர்ந்து கரண்ட வாங்கி எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற டப்பா. உன்னுது சின்னது, புது கார்டுக்குத் தாங்காது. நாளைக்கு எத்துனு வாம்மா, பெருசா மாத்தித் தரேன்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியில் இருந்து யாரோ அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஒரு டிரம்மைத் திறந்துவிட்டார்களாம், ஆள் குறைகிறதாம். அப்பா எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கணுக்கால் அளவு வெள்ளைத் தண்ணீரில் நின்று, சொதசொதவென்று தொங்கிய தோல்களை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் உடம்பு முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்தது. போனில் பாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் டப்பாவை மாற்றித் தந்தார். ஷூ எத்தனை தடவை திருப்பினாலும் திரும்பியது. திங்கட்கிழமை அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள், எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அதே டிசைன் பிரிவில்தான் இருக்கிறாள், இப்போது அவளுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைக் கல்லூரியில் சேர்த்ததும் அவள்தான். அந்தக் கார்டை அனுப்பிய மாமாவுக்கும், விழுந்து விழுந்து சிரித்தாலும் உடனே மாற்றிக்கொடுத்த பாய்க்கும், எதற்கென்றே தெரியாமல் கிரைண்டரை நிறுத்திவைத்த பக்கத்து வீட்டுக்கும் நாங்கள் என்றைக்கும் நன்றி மறக்க முடியாது.

ஆனால் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அந்தச் சனிக்கிழமை ஷாப்பிலிருந்து ஆட்டோவில் திரும்பி வந்ததுதான். கிளம்புவதற்கு முன்னால் அப்பா குழாயடியில் சோப்புப் போட்டுப் போட்டு வெகுநேரம் கை கழுவினார். கழற்றி வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, எப்போதும் வீட்டுக்கு வருகிற அதே அப்பாவாக ஆட்டோவில் ஏறினார். அக்கா அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. கொஞ்ச தூரம் போனதும் அவள் அழ ஆரம்பித்தாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, என்ன கோளாறு என்றும் தெரிந்துவிட்டது, இவள் ஏன் அழுகிறாள்? பரீட்சைக்கு முன்னால் அழுகிறவள்தானே என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தேன்.

"அழுவாதக்கா. அதான் பாய் மாத்தித் தரேன்னு சொல்லிட்டாரு இல்ல" என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா கையை எடுத்துக்கொள்ளாமல் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.