லேத்துக்குப் போட்ட மாலை

செஞ்சியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு சின்ன லேத் இருக்கிறது. இரும்பு கடைவது என் பொழுதுபோக்கு. பழையதாக வாங்கிய அந்த மெஷினுக்கு நானே வேகமான புது மோட்டார் பொருத்தி, ஆட்டம் கண்ட பாகங்களை இறுக்கிச் சரிசெய்தேன். தட்டினால் உடனே நிற்கும் சிவப்புப் பொத்தானும் வைத்தேன்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் என் கணவர் கதம்ப மாலையோடு வந்தார். "புது வண்டிக்குப் பூஜை போடுறோம், இதுக்கு இன்னா குறைச்சல்?" என்று, இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில் மாட்டினார். "மாலையோட ஒரு சுத்து சுத்தட்டும்."

பழைய மோட்டாரின் நிதானத்தை நினைத்து நானும் சம்மதித்தேன். வேகக் குமிழ் உச்சத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் பூக்கள் சிதறின. மாலையின் வாழைநார், குனிந்து நின்றவரின் தோள்துண்டு நுனியையும் சேர்த்துச் சக்கில் சுருட்டியது. துண்டு கழுத்தை இறுக்குமுன் சிவப்புப் பொத்தானைத் தட்டினேன். அவர் முகத்துக்கும் சக்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"அந்த மாலை எனக்கு விழுந்திருக்கும்" என்றார், துண்டை உருவியபடி.

"பொத்தான் எதுக்கு, வெட்டிச் செலவுன்னீங்களே?"

அவர் குனிந்து சிதறிய பூக்களைப் பொறுக்கினார்.

இப்போது மாலை சுவரில் இருக்கும் சாமி படத்துக்கு மட்டும். குமிழைப் பூஜ்யத்தில் வைக்காமல் ஸ்விட்சைத் தொடுவதில்லை. துண்டு, துப்பட்டா எதுவானாலும் கதவுக்கு வெளியேதான்.

சிங்கவரத்திலிருந்து பம்புசெட் தண்டைக் கடையக் கொண்டுவந்தவர், "மெஷின் யாருது சார்?" என்று கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டார்: "எங்க வீட்டம்மாளுது. ஓட்டவும் தெரியும், நிறுத்தவும் தெரியும்."