கிளி மேசை ஏலத்துக்கு வந்த நாள்

அந்த எழுது மேசையை ஏலத்துக்கு அனுப்பியவன் நானேதான். ‘மிகப் பழையது. பழுது பார்ப்பது சிக்கனமாகாது. கழிவு செய்யலாம்’ என்று குறிப்பு வைத்தேன். உண்மையில் அதில் ஒரு பழுதும் இல்லை. எந்தக் காலத்திலோ வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன தேக்கு மேசை. முகப்பு முழுக்கத் திராட்சைக் கொடியும் கிளிகளும் செதுக்கியிருந்தது. எனக்கு இரும்பு மேசை வேண்டியிருந்தது. பழையது கழிவானால்தான் புதியது வரும் என்பது விதி. எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்கு நான் தலைமை எழுத்தர். அதிகாரியே என்னிடம் விதியைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

மேசையில் ஒரு ரகசியம் உண்டு. இடப்பக்கக் கடைசிக் கிளியின் வயிற்றை அழுத்தினால், கீழே ஒரு மெல்லிய தட்டு வெளியே வரும். அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டுமே அது தெரியும்.

அலுவலகத்தைப் பெருக்கும் அம்மா செம்பாக்கத்திலிருந்து வருவார். ஒருநாள் மகளின் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து, நகல்களில் அதிகாரியின் சான்றொப்பம் வாங்கித் தரச் சொன்னார். அதிகாரி வெளியூர் முகாமில் இருந்தார். மேசை கழிவாகி வெளியே போக மாதக்கணக்கில் ஆகும் என்ற நம்பிக்கையில், அசலை ஓர் உறையில் போட்டுப் பத்திரமாகக் கிளியின் தட்டில் வைத்தேன். அந்த வாரமே எனக்கு மஞ்சள் காமாலை. ஐந்து வாரம் மருத்துவ விடுப்பு.

திரும்பி வந்த அன்று என் இடத்தில் பச்சை இரும்பு மேசை நின்றது. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், கயிறு கட்டிய வளையத்துக்குள் உடைந்த நாற்காலிகளோடு கிளி மேசை. பதினொரு மணிக்கு ஏலம்.

அந்த அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். “சார், வந்துட்டீங்களா! நாளைக்குப் பொண்ணுக்கு நர்ஸ் டிரெய்னிங் இண்டர்வியூ சார். ஒரிஜினல் இல்லாங்காட்டி உள்ளயே வுட மாட்டாங்களாம். பத்திரமா கீதுல்ல?”

“இருக்கும்மா” என்றேன். பொய்யில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அலுவலக ஊழியர் எவரும் ஏலப் பொருளைத் தொடக் கூடாது, ஏலம் கேட்கவும் கூடாது. அதிகாரியிடம் சொன்னால் மேசையை நிறுத்தி வைப்பார், மூன்று பேர் குழு போடுவார், குழு கூட இரண்டு வாரம் ஆகும். பதிவேட்டில் ஏற்றாமல் அசல் ஆவணத்தை வைத்திருந்ததற்கு எனக்கு மெமோ வரும். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அந்தப் பெண்ணின் இண்டர்வியூ போவதற்கா, மெமோவுக்கா, எதற்கு அதிகம் பயந்தேன் என்று அன்றைக்கு என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கோவளம் பக்கத்துப் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். செதுக்கலை நகத்தால் சுரண்டிவிட்டுக் கூட வந்தவரிடம் சொன்னார்: “முன்பலகைய மட்டும் அறுத்துக்கினு மிச்சத்த அடுப்புல போட்டுடலாம் மச்சான்.”

அறுத்துக்கொண்டு. மிச்சத்தோடு தட்டும் காகிதமும் அடுப்புக்குப் போய்விடும்.

டோக்கன் வாங்கிய ஏலதாரர், ஏலத்துக்கு முன் பொருளைத் திறந்து பார்க்கலாம் என்று ஒரு நிபந்தனை உண்டு. ஊழியருக்கு டோக்கன் கிடையாது. ஊழியர் அல்லாத ஒருவர் வேண்டும். அப்போது ஒரு கோப்பு ஞாபகம் வந்தது. அதை எடுக்காமல் முடியுமா என்று கால்மணி நேரம் யோசித்தேன். பத்தே முக்கால் ஆனது.

அந்த அம்மாவைக் கூப்பிட்டு, டோக்கன் எழுதிக் கையில் கொடுத்து, கிளியைப் பற்றிச் சொன்னேன்.

“என்னைய திருடின்னு சொல்லப் போறாங்க சார்.”

“டோக்கன் இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா.”

அவர் கயிற்றைத் தாண்டினார். “இன்னாக்கா, தொடப்பம் வைக்க மேசை கேக்குதா?” என்றார் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தத்தில் அதிகாரி வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

“நில்லும்மா! ஹெட் கிளார்க் சார், என்ன இது? நம்ம ஸ்டாஃப் ஏலத்துல நின்னா ஏலமே செல்லாது.”

“அவங்க ஸ்டாஃப் இல்ல சார்.”

“பதினோரு வருஷமா பெருக்கறாங்க!”

“ஃபைல் இருக்கு சார்.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். எதையும் வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். “மேற்படி பெண்மணி பகுதி நேரப் பணியாளர் மட்டுமே. இவ்வலுவலகத்தின் ஊழியர் ஆகார். எனவே பணி நிரந்தரம் கோர இவருக்கு உரிமையில்லை.” கீழே என் கையெழுத்து. நான்கு வருஷத்துக்கு முன் அந்த அம்மா பணி நிரந்தரம் கேட்டுக் கொடுத்த மனுவின் மேல் நான் வைத்த குறிப்பு. ‘மேலிடத்துல தள்ளிட்டாங்கம்மா’ என்று மட்டுந்தான் அப்போது அவரிடம் சொல்லியிருந்தேன்.

“கரெக்ட். அப்ப பாக்கட்டும்” என்றார் அதிகாரி.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கிளியை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நான் இல்லாத நாட்களில் வெளியே கிடந்து மரம் உப்பியிருந்தது. மறுபடி அழுத்தினார். ஏலம் விடுபவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். மூன்றாம் முறை உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினார். தட்டு பாதி வந்து சிக்கியது. இரண்டு விரல் விட்டு உறையை இழுத்தெடுத்தார்.

“என்னம்மா அது?” என்றார் அதிகாரி.

“எம்பொண்ணு பேரு போட்டுக்கீது சார். மேசை எனக்கு வாணாம்.”

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எடுத்துட்டுப் போம்மா” என்றார். எனக்கு மறுநாள் மெமோ வந்தது.

மேசை கடைக்காரருக்குப் போயிற்று. அதை மீன்பாடி வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார்.

“அது நீங்க எழுதினதா சார்?”

“ஆமாம்மா.”

“தெனம் வந்ததும் ஒங்க மேசையத்தான் சார் மொதல்ல தொடப்பேன்.”

மகளுக்கு இடம் கிடைத்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் தொடர்ந்து வேலைக்கு வந்தார், எல்லா மேசைகளையும் துடைத்தார், என்னுடையதைத் தவிர. பகுதி நேரப் பணியாளரின் வேலை தரையைப் பெருக்குவது மட்டுமே. மேசை துடைப்பது அதில் சேராது. அந்தக் கோப்பிலேயே இரண்டாம் பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருந்தேன். ஓய்வு பெறும்வரை என் இரும்பு மேசையை நானே துடைத்துக்கொண்டேன்.