குறையில்லாத குண்டு

ரொக்ஸ்பரோ என்ற ஊரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர், ஞாயிறு மத்தியானங்களில் கராஜில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பார். மான் சுடும் துவக்குக்கான குண்டு. கடைக்குண்டை நம்ப ஏலாது என்பது அவர் பேச்சு.

மெலிந்த மனிதர். கழுத்தில் மப்ளர், கையில் கருகிப்போன தோல் கையுறை. அச்சிலிருந்து விழும் ஒவ்வொரு குண்டையும் ஆறவிட்டு, சின்னத் தராசில் நிறுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார். மயிரளவு குழி தெரிந்தாலும் அது திரும்பவும் ஈயம் உருகும் சட்டிக்குள் போய்விடும். தேறியதைத் தோட்டாவில் அடைத்துப் பெட்டியில் அடுக்குவார்.

"ஏன் அண்ணை இவ்வளவு கவனம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு பெண்மானைச் சுட்டனான். வயித்திலை பட்டு ஓடிட்டுது. இருட்டுற மட்டும் தேடினன். கத்துறது கேட்டது, மானைக் காணேல்லை. கடைக்குண்டுதான் பிழை எண்டு நினைச்சு, பேந்து நானே வார்க்கத் தொடங்கினன்."

"நீங்கள் வார்த்தது நேராப் போச்சுதோ?"

"ஓம், எல்லாம் ஒரே இடத்திலைதான் பட்டுது." ஆறிய குண்டொன்றைத் தராசில் வைத்தார். "மிச்சம் கிடந்த கடைக்குண்டையும் சுட்டுப் பாத்தன். அதுவும் நேராத்தான் போச்சுது."

"இந்த முறையும் வேட்டைக்குப் போறியளோ?" என்றேன்.

"துவக்கை எப்பவோ வித்துப்போட்டன்."

"அப்ப இது என்னத்துக்கு?"

"சும்மா இருந்தா அது கத்துது, தம்பி."

அடுத்த குண்டை வெளிச்சத்தில் உருட்டினார். எட்டிப் பார்த்தேன். என் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் அதைச் சட்டிக்குள் போட்டார்.