ரிவர்ஸ்டனில் குதிரைத் தலையைப் படம் பிடித்த இரவு

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேய் பிசாசை நான் நம்பியதே இல்லை, இத்தனை வருடம் ரத்தோட்டை மலைப்பாதையில் இரவில் வேன் ஓட்டியும் ஒன்றையும் கண்டதில்லை.

போன மாசி அமாவாசைக்கு ரியாஸ் நானா வேனை வாடகைக்கு, ஹயருக்குக் கூப்பிட்டார். மாத்தளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், வானத்தைப் படம் பிடிப்பதில் பைத்தியம். ரிவர்ஸ்டன் மலை உச்சியில் அன்று மூடுபனி இல்லை. வேனுக்கு முன்னால் ஐம்பது அடி தள்ளி கமராவை நிறுத்தி, பக்கத்தில் சிவப்பு டோர்ச்சை வைத்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே சிவப்பாக ஒளிரும் ஒரு மேகம், அதற்கு முன்னால் குதிரைத் தலை போல ஒரு கறுப்பு மேகம், அதுதான் அவருக்கு வேண்டிய படம்.

"கறுப்பா இருக்கிற எடத்துல ஒண்ணுமில்லன்னு நெனக்காதீங்க செல்வம். அங்க தூசி நிக்கிது, பின்னால உள்ள வெளிச்சத்த மறைக்கிது" என்றார்.

என் வேனில் எந்தக் கதவைத் திறந்தாலும் உள் லைட் எரியும், அணைக்கிற சுவிட்ச் உடைந்திருந்தது. அதைச் சொன்னேன்.

"வாயத் தொறக்காத மனுசன், கதவையும் தொறக்காம இரிங்க. லைட் பட்டா படம் நாசம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வெகுநேரம் கழித்துத்தான் டேஷ்போர்டில் அவருடைய ஆஸ்துமா பம்ப் கிடப்பதைக் கண்டேன். கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டிருக்கலாம், கூச்சம், அவரே கேட்பார் என்று இருந்துவிட்டேன். தற்செயலாக, பின்பக்கம் பார்க்க மேலே மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்பக்கம் நட்சத்திரமாக இருந்தது, நடுவில் மட்டும் ஒரு மனிதத் தலையளவுக்கு ஒன்றுகூட இல்லை. வேனுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

"செல்வம், பம்ப எடுங்க."

ரியாஸ் நானாவின் குரல், இழுப்போடு, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. ஆனால் அவர் முன்னால், சிவப்பு வெளிச்சத்தின் பக்கத்தில், குனிந்து உட்கார்ந்திருந்தார். திறந்தால் பின்னால் நிற்பது வந்துவிடும், திறக்காவிட்டால் அவருக்கு என்ன ஆகும்? பம்பைக் கையில் எடுத்தேன், கதவைத் தொடவில்லை. மறுபடியும் அதே குரல். மூன்றாம் முறை வெறும் இழுப்புச் சத்தம் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்து பம்புடன் ஓடினேன்.

அவர் உதடு நீலம் பாய்ந்து கிடந்தார். பம்பை அடித்துவிட்டேன். நல்ல நேரம், மூச்சு திரும்பியது.

"ரெண்டு தரம் கூப்பிட்டீங்களே நானா" என்றேன்.

"யா அல்லாஹ், மூச்சே வரல்ல, நான் எங்க கூப்பிட?"

வேனுக்குத் திரும்பினோம். பின்கதவுக் கண்ணாடியில் ஒரு வாயளவுக்கு மூச்சுவிட்டது போல ஆவி படிந்திருந்தது. வெளியே நின்று துடைத்தேன், போகவில்லை. உள்ளே கடைசி சீட்டில் ஏறித் துடைத்தேன், போய்விட்டது.

நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, இன்றும் வேனை நிறுத்தினால் பின்கதவைத் திறந்து, ஒருவர் இறங்குகிற நேரம் காத்திருந்துதான் மூடுகிறேன்.

எழுதியது: ஆடி அமாவாசை, வியாழக்கிழமை.