ஆட்டுப்பட்டியோடு ஒரு பிரசவ வீடு

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. கல்யாணம் இல்லை. நன்றாக வேலை செய்த ஊராட்சிகளுக்கு விருது கொடுக்கிற விழா.

ஊராட்சிக்கெல்லாம் விருதா என்று கேட்கிறீர்களா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பிரசிடெண்டைத் திட்டுகிறோம். தெருவிளக்கு எரியாவிட்டால் திட்டுகிறோம். எரிந்தால்? எரிகிறது என்று யாராவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோமா?

விருதை நடத்துவது உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சிறிய அமைப்பு. ஊர்களை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க மூன்று பேரை அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்... மூன்றாவது ஆள் நான். பத்திரிகையில் எழுதுகிறவன் கூட இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்!

முதலில் ரிஷிவந்தியம் பக்கம் ஓர் ஊராட்சிக்குப் போனோம். தெருவெல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. குப்பையைப் பிரித்து வாங்குகிறார்கள். சாக்கடை தேங்காமல் ஓடுகிறது. ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. இன்ஜினீயர் ஜீப்பில் ஏறியதுமே சொல்லிவிட்டார், "இதுக்கு மேல எங்கேயும் போக வேணாம் சார்."

ஆனாலும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறி, வெள்ளிமலையைக் கடந்து இன்னும் உள்ளே.

அங்கே ஊராட்சி அலுவலகம் என்று போர்டு இருந்த கட்டடத்துக்குள் நுழைந்தால் கட்டில்கள். கட்டில்களில் நிறைமாதப் பெண்கள். ஒருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சாமைச் சோறு வெந்துகொண்டிருந்தது.

"ஆபீஸ் எங்கேம்மா?" என்று கேட்டார் இன்ஜினீயர்.

"தோ, அந்தக் கொட்டாய்ல கீது. எங்களுக்கு அது போதுங்க." பதில் சொன்னது பஞ்சாயத்துத் தலைவர் சின்னப்பொண்ணு. நாற்பது வயதிருக்கும். முகத்தில் சிரிப்பு என்பது கொஞ்சம் கம்மி. எங்களை வரவேற்கிற அவசரமெல்லாம் அவருக்கு இல்லை.

விஷயம் இதுதான். ஊராட்சியைச் சேர்ந்த சில குக்கிராமங்கள் காட்டாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. மழை பிடித்தால் ஆற்றைக் கடக்க முடியாது. ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் நிற்கும். பெண் அந்தக் கரையில் துடிப்பாள். அதனால் நாள் நெருங்கியதுமே பெண்களை இங்கே அழைத்து வந்து தங்கவைத்துவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. வேறு கட்டடம் இல்லாததால், கிராம சபையில் தீர்மானம் போட்டு அலுவலகத்தையே பிரசவ வீடாகக் கொடுத்துவிட்டார்கள்.

"நல்ல யோசனை. உடனே எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றேன்.

"எங்கீங்க வந்தாங்க? கட்டில் போட்டு, பாயி போட்டு, ஈ ஓட்டிக்கினு குந்தியிருந்தோம்."

சின்னப்பொண்ணு ஒவ்வொரு குக்கிராமமாக நடந்திருக்கிறார். ஏன் வரவில்லை? ஆஸ்பத்திரி பயமா? சாமி குத்தமா? ஒன்றுமில்லை. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "நான் வந்துட்டா ஆட்ட யாரு பாப்பா?"

அவர் திரும்பி வந்து, அந்தப் பிரசவ வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆட்டுப்பட்டி போட்டார். கர்ப்பிணி வரும்போது ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வரலாம். மேய்ப்பதற்கு ஊராட்சியே ஆள் வைத்தது. மூத்த பிள்ளைகளும் கூடவே வந்து தங்கலாம். அதன் பிறகுதான் கட்டில்கள் நிறைந்தன.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வெள்ளையன் என்ற இளைஞர் வந்து வாசலில் நின்றார். ஆடுகளோடும் மூத்த மகளோடும் உள்ளே தங்கியிருந்த சுமதியின் கணவர். "அக்கா, சொமதியக் கூப்டுகினு போலாம்னு வந்தேன். மரவள்ளி புடுங்கணும். கஞ்சி காச்சக்கூட வூட்டுல ஆளு இல்ல."

"நாளு நெருங்கிடுச்சேப்பா."

"இன்னும் ஒரு வாரம் கீதுன்னாங்க. அதுக்குள்ள கொண்ணாந்து வுட்டுர்றேன்."

"மழை உன்னக் கேட்டுகினா வரும்?"

வெள்ளையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பொண்டாட்டிய நான் கூப்டுறேன். நீ இன்னாக்கா நடுவுல?"

சின்னப்பொண்ணுவும் விடுகிற ஆள் இல்லை. குரல்கள் ஏறின. சுமதி எழுந்து ஒரு பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அப்போது நர்ஸ் அம்மா சுமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அதுவரை அவளை யாரும் கேட்கவில்லை.

சுமதி பையைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "ஆடு இங்க கீது. பாப்பாவும் இங்க கீது. எனக்கு பயமா கீதும்மா. நான் போவல."

வெள்ளையன் பின்பக்கம் போய்ப் பட்டியில் ஆடுகளைத் தடவிக் கொடுத்துவிட்டு, மகளைத் தூக்கி ஒருமுறை கொஞ்சிவிட்டு, தனியாக நடந்து போய்விட்டார்.

கீழே இறங்கிய பிறகு எங்களுக்குள் வாக்குவாதம். "அலுவலகத்தை அலுவலகமாத்தானே வச்சிருக்கணும்? பிரசவத்துக்கு வர்ற இடத்துல ஆட்டுப்பட்டி வேற... சுத்தம் என்னாகும்?" என்றார் இன்ஜினீயர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பட்டியை இன்னும் தள்ளிப் போடவேண்டும் என்று நர்ஸ் அம்மாவும் சொன்னார். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "முதல்ல பார்த்த ஊர்ல எல்லா வேலையும் ஒழுங்கா நடக்குது. இந்த ஊர்ல, யாரும் யோசிக்காத ஒண்ணை யோசிச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணு இல்லையே சார்?"

அப்படித்தான், ஒன்றே ஒன்றாக இருந்த விருது இரண்டாயிற்று. சிறந்த பணிக்கு ஒன்று. புதிய முயற்சிக்கு ஒன்று.

அந்த வாரமே மலையில் மழை பிடித்துக்கொண்டது. மனசு கேட்காமல் சின்னப்பொண்ணுவுக்குப் போன் செய்தேன். காட்டாறு இரு கரையும் புரண்டு ஓடுகிறதாம். சுமதிக்கு வலி கண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். டாக்டர் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. வெள்ளையன்?

"அந்தக் கரையில நின்னுக்கினு கீறான். தண்ணி வடிஞ்சாத்தான் வர முடியும். நம்ம ஆளு ஒருத்தன் இந்தக் கரையிலேர்ந்து கூவி சேதி சொன்னான். அப்டியே மண்ணுல குந்திட்டானாம்."

இனி விழாவுக்கு வருகிறேன்.

ரிஷிவந்தியம் பக்கத்துத் தலைவர் கேடயம் வாங்கினார். நன்றாகப் பேசினார், நல்ல கைதட்டல். அடுத்து சின்னப்பொண்ணு. கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கப் போனவரைத் தொகுப்பாளர் மடக்கி, இந்த யோசனை எப்படி வந்தது என்று மைக்கை நீட்டினார். இதே கேள்வியை மலையில் நானும் கேட்டிருந்தேன். "தோணுச்சு, செஞ்சோம்" என்று அன்று முடித்துவிட்டார்.

இந்த முறை கொஞ்சம் யோசித்தார்.

"எனக்கு அலமேலுன்னு ஒரு தங்கச்சிங்க. மொதப் பிரசவம். அடமழை. டோலி கட்டித் தூக்கியாந்தோம். ஆத்துல தண்ணி போவுது. வடியும், வடியும்னு கரையிலேயே வச்சிக்கினு குந்தியிருந்தோம். அந்தாண்ட ஆம்புலன்ஸ் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுதுங்க. லைட்டு எரியுது. என் கையப் புடிச்சிக்கினே இருந்தா. அப்புறம் புடி வுட்டுட்டா. புள்ளையும் தங்கல."

சின்னப்பொண்ணு கேடயத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப தலைவர்னு ஒருத்தர் கீறதே எங்களுக்குத் தெரியாது. போயி கேக்கலாம்னும் தெரியாது. அதான் நானே எலக்‌ஷன்ல நின்னேன்."

தொகுப்பாளர் தடுமாறிப்போய், "இந்த விருது உங்களுக்கு எப்பவோ வந்திருக்கணும்மா... ரொம்ப லேட்" என்றார்.

சின்னப்பொண்ணு இல்லை என்று தலையை அசைத்தார்.

"விருது லேட்டா வந்தா ஒண்ணுமில்லீங்க. வூடுதான் லேட்டா வந்துட்டுது."